விஜயா கேசட்

(‘பொன்மலை டி டைப்’ குடும்பக் குழு. ராஜியின் போனில் இருந்து.)

வெள்ளிக்கிழமை

ராஜி: எல்லாருக்கும் வணக்கம். அம்மா வருஷ திதி அடுத்த ஞாயிறு. படையல் முடிஞ்சு எல்லாரும் உக்காந்திருக்கும்போது அம்மா பாடின கேசட்டைப் போட்டா என்ன? மணி மாமா, உங்ககிட்டதானே இருக்கு?

பத்மா சித்தி: (முருகன் படம். இனிய காலை வணக்கம்.)

பத்மா சித்தி: இப்பதான் மேல இருக்கறதப் பாத்தேன். நல்ல யோசனை ராஜி. வடை எத்தனை சொல்லணும்

செந்தில்: 35 பேர் போதும் அத்தை

கவிதா: 35ஆ? காரியத்துக்கு 35ன்னு சொல்லித்தான் 60 பேர் வந்தாங்க. கடைசி பந்திக்கு ரசம் சோறு மட்டும்தான்

பத்மா சித்தி: அத யாரு சொன்ன கணக்குன்னு நான் சொல்ல மாட்டேன்

பெரிய மாமா: 👍

மணி மாமா: ராஜி கண்ணு, இருக்கு. ஆனா எடுத்தவுடனே போட முடியாது. விவரமா சொல்றேன். எங்கிட்ட மொத்தம் 43 கேசட். அதுல 30 நம்ம குழு திருவிழா கச்சேரில பதிவு பண்ணது, ஜெனரேட்டர் சத்தம்தான் ஜாஸ்தி. மிச்சம் 13 வீட்ல பண்ணது. உங்கம்மா குரல் மூணுலதான் இருக்கு. அந்த மூணுல ஒண்ணு பூஞ்சை பிடிச்சிருக்கு, ரீல் ஓரத்துல வெள்ளையா மாவு பூத்த மாதிரி. அதைப் போட்டா செட்டு ஹெட்டும் கெட்டுப்போகும், அடுத்து போடற கேசட்டுக்கும் ஒட்டிக்கும். இன்னொண்ணுல அழுத்திப் பிடிக்கற பஞ்சு விழுந்துடுச்சு. மூணாவது நல்லா இருக்கு. அதுதான் முக்கியமானதும்.

கார்த்தி: மாமா கேசட்னா பென்சில் விட்டு சுத்துவாங்களே அதானே

மணி மாமா: அதே. ஆறு பட்டை பென்சில். உருண்டை பென்சில் வழுக்கும்.

வள்ளி அத்தை: பூஞ்சைன்னு சொன்னாருல்ல. நேத்துதான் எல்லாத்தையும் மொட்டை மாடில வெயில்ல வெச்சேன், மோர் மிளகாய் தட்டுக்குப் பக்கத்துல

மணி மாமா: எப்ப

வள்ளி அத்தை: காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும்

மணி மாமா: வள்ளி!!! வெயில்ல பிளாஸ்டிக் வளைஞ்சிடும்

கவிதா: அம்மாவும் அப்பாவும் ஒரே வீட்லதான் இருக்காங்க. அடுத்தடுத்த ரூம்

செந்தில்: 😂😂

மணி மாமா: பாத்துட்டு வந்தேன். விஜயா கேசட் அந்த தட்டுல இல்ல. பீரோல இருந்தது. தப்பிச்சோம்.

ராஜி: அப்பாடா

செந்தில்: சித்தப்பா, போனை ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்பிடுங்களேன். முடிஞ்சுது

மணி மாமா: அது நாங்க 77ல பண்ண வேலைடா. சொல்றேன் கேளு. அப்ப ஸ்டுடியோன்னா மெட்ராஸ் போகணும். எங்கிட்ட ஒரு நேஷனல் பானசோனிக் செட்டு, பாங்கோஸ் வாசிக்கற பையன்கிட்ட இரவல் வாங்கினது இன்னொண்ணு. முதல் செட்ல நான் அக்கார்டியன் மட்டும் வாசிச்சு பதிவு பண்ணுவேன். அதை ஓடவிட்டு அவன் பாங்கோஸ் வாசிப்பான், ரெண்டையும் சேத்து ரெண்டாவது செட்டு மைக் பிடிக்கும். அந்த கேசட்டை எடுத்து முதல் செட்ல போட்டு ஓடவிட்டு, அதுக்கு மேல விஜயா பாடுவா. ஒவ்வொரு சுத்துக்கும் உஸ்ஸுனு இரைச்சல் கூடிக்கிட்டே போகும். மூணாவது சுத்துல வெளிய மழை பெய்யறாப்ல இருக்கும். டி டைப் ரயில்வே குவார்ட்டர்ஸ் சமையல்கட்டுல வெச்சுதான் பண்ணுவோம். கதவு இடுக்குல தலகாணி. பேன் கிடையாது. மே மாசம்.

பத்மா சித்தி: என்னை வாசல்ல காவலுக்கு உக்கார வெச்சிடுவாங்க. ஒரு கமர்கட்டு கூலி

கார்த்தி: மல்டி டிராக் ரெக்கார்டிங்!! மாமா கெத்து

வள்ளி அத்தை: அவரை ஏத்தி விடாதடா

மணி மாமா: கெத்தெல்லாம் இல்ல கார்த்தி. எங்களுக்கு அக்கார்டியன்னா எம்.எஸ்.வி. குழுல மங்களமூர்த்தி வாசிக்கறதுதான். ரேடியோல கேட்டுக் கேட்டு விரலை நகர்த்தினேன். என் பொட்டி பக்கத்து லைன்ல இருந்த ஆங்கிலோ இந்தியன் அங்கிளோடது, 48 பேஸ். அவங்க குடும்பத்தோட ஆஸ்திரேலியா போகும்போது பாதி விலைக்குக் கொடுத்துட்டுப் போனார். மூணு நாலு சுரத்தை ஒண்ணா சேத்து வாசிக்கற கார்டுன்னா என்னன்னு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அது தெரிஞ்சிருந்ததாலதான் 76ல இளையராஜா வந்தப்ப தாக்குப் பிடிச்சேன். அதுவரைக்கும் ஆர்மோனியம், தபலா, பாங்கோஸ் இருந்தா கச்சேரி நடந்துடும். அதுக்கப்புறம் ஊர்ல கேக்கற முதல் கேள்வியே பேஸ் கிட்டார் இருக்கான்னுதான். எங்க ஆர்மோனியக்காரர் ஒரு நாள் பொட்டியை மூடினவர் மூடினவர்தான். நல்ல மனுஷன். அப்புறம் 90ல கேசியோ கீபோர்டு வந்துச்சு, பட்டனைத் தட்டினா தாளம் அதுவே போடும். பாங்கோஸ் பையனை வீட்டுக்கு அனுப்பினது நான்தான். அது இப்பவும் உறுத்துது. இரவல் செட்டு கொடுத்தவன்.

பெரிய மாமா: (முன்னனுப்பப்பட்டது: முழங்கால் வலிக்கு முடவாட்டுக்கால் சூப்)

பத்மா சித்தி: பெரியண்ணே இது போன வாரமே அனுப்பிட்டீங்க

கவிதா: அப்பா, டிரம்மு கதை சொல்லுங்க

மணி மாமா: பேஸ் டிரம்ல குழு பேரை எழுதியிருப்போம். மூணு தடவை குழு உடைஞ்சுது, மூணு தடவை பேரு மாறிச்சு, டிரம்மு மாறல. ஒர்க்‌ஷாப் பெயிண்டு ஷாப்ல ஒருத்தர் ஒவ்வொரு தடவையும் மேல வெள்ளை அடிச்சு எழுதிக் கொடுப்பார். மேடை லைட்டு பின்னாடி இருந்து அடிச்சா பழைய பேரு ரெண்டும் உள்ள நிழலாத் தெரியும். ஒரே நேரத்துல மூணு குழு வாசிக்கறாப்ல.

செந்தில்: 👏 ராக்போர்ட்ல எனக்கு வெயிட்டிங் லிஸ்ட் 41. கன்பர்ம் ஆகுமா யாருக்காவது தெரியுமா

பத்மா சித்தி: பல்லவன்ல பாரு

செந்தில்: பல்லவன் சாயந்தரம் கிளம்பி ராத்திரி வரும் அத்தை

பத்மா சித்தி: அப்ப சனிக்கிழமையே வந்து சேரு. உங்க அப்பாவுக்கு துணையா இருக்கும்

மணி மாமா: அந்த அக்கார்டியனுக்கே பெரிய கதை இருக்கு. 74 ரயில்வே ஸ்டிரைக், மே 8ல ஆரம்பிச்சு 20 நாள். சம்பளம் இல்ல. பொட்டியைக் கொண்டு போய் சேட்டு கடைல வெச்சேன். ஆடி மாசம் கோயில் கச்சேரி ஒத்துக்கிட்டாச்சு, பொட்டி இல்ல. விஜயாதான் தன் தோட்டைக் கழட்டிக் கொடுத்தா, கச்சேரி பணம் வந்ததும் மீட்டுக்கலாம்னு. அன்னிக்கு ராத்திரி மழை கொட்டி, ரெண்டாவது பாட்டுலயே மேடை நனைஞ்சுபோச்சு. ஒரு பைசா வரல.

பெரிய மாமா: எந்த தோடு

(மணி மாமா ஒரு செய்தியை நீக்கினார்)

பெரிய மாமா: அழிச்சாலும் படிச்சுட்டேன்

பெரிய மாமா: சாக்கடைல விழுந்துச்சுன்னு சொன்னா. நான் ரெண்டு நாள் குச்சி வெச்சு சாக்கடைய கிளறினேன்

பத்மா சித்தி: நானும் கூட நின்னேன் பெரியண்ணே. டார்ச் பிடிச்சது நான்

பெரிய மாமா: உனக்கும் தெரியுமா

பத்மா சித்தி: ராஜி வாழை இலை எத்தனை

ராஜி: 😅 60 சித்தி

கவிதா: பேச்சு மாத்தறதுல அத்தை டாக்டரேட்

சனிக்கிழமை

மணி மாமா: காலை வணக்கம். நேத்து ராத்திரி கேட்டுப் பாக்கலாம்னு செட்டைத் திறந்தேன். உள்ள ரப்பர் பெல்ட் உருகி தார் மாதிரி ஒட்டிக்கிச்சு. ஸ்பிரிட்ல பஞ்சு நனைச்சு துடைச்சிருக்கேன். விரலெல்லாம் கருப்பு.

வள்ளி அத்தை: தலகாணி உறையும்

செந்தில்: சித்தப்பா ரிச்சி ஸ்ட்ரீட்ல பெல்ட் கிடைக்கும். சைஸ் சொல்லுங்க

மணி மாமா: அளந்து சொல்றேன். இன்னொரு விஷயம், இது செந்திலுக்கு. நல்லா இருக்கற அந்த கேசட் பதிவு பண்ண அன்னிக்கு கரண்ட் கிடையாது. அதனால ஒரே செட்டு, ஒரே மூச்சு. நான் வாசிக்க அவ பாடினா. செட்டுல போட்டிருந்தது பழைய செல். செல் இறங்கினா மோட்டார் மெதுவா சுத்தும். மெதுவா பதிஞ்சதை சரியான வேகத்துல ஓட்டினா சுருதி ஏறிடும், குரல் சின்னப் புள்ளை குரல் ஆயிடும். அதுதான் உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கற விஜயா குரல். நிஜமா அது அவ குரல் இல்ல. அவ குரல் இன்னும் கொஞ்சம் கனம்.

ராஜி: மாமா நான் சின்ன வயசுல கேட்டது அப்ப வேற குரலா

மணி மாமா: வேறன்னு இல்லம்மா. தள்ளி இருக்கு. அக்கார்டியன் ரீடு சுருதி செல்லைப் பாத்து மாறாது. அன்னிக்கு நான் வாசிச்சது ஐந்து கட்டை. கேசட்ல கேட்டா ஐந்தரை வருது. அப்ப அரைக் கட்டை ஏறியிருக்குன்னு அர்த்தம். வேகத்துல சுமார் 6 சதவீதம்.

செந்தில்: கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டில போட்டு ஸ்பீடைக் குறைச்சா சுருதியும் சேந்து இறங்கிடும். அஞ்சு நிமிஷ வேலை

ராஜி: ரெண்டும் வெச்சுக்கோ செந்தில். பழையதை அழிச்சிடாதே

செந்தில்: சரி ராஜி

கார்த்தி: நான் ரீல்ஸ் போடவா? பேக்ரவுண்ட்ல பழைய போட்டோ

பத்மா சித்தி: திதி அன்னிக்கு ரீல்ஸா. செருப்பு

கார்த்தி: சரிம்மா

கவிதா: ஏ பக்கத்துல என்ன இருக்கு அப்பா?

மணி மாமா: ஏ பக்கம் விஜயா பாடின நாலு பாட்டு இருந்தது. இப்ப ஒண்ணரை பாட்டுதான். அதுக்கு மேல யாரோ ரெக்கார்ட் பண்ணிட்டாங்க. மேல இருக்கற பிளாஸ்டிக் காதை உடைச்சு வெச்சிருந்தேன், அழியாம இருக்கறதுக்கு. அதுல பேப்பர் ஒட்டிட்டு பண்ணியிருக்காங்க.

வள்ளி அத்தை: யாரோவா

மணி மாமா: சுசீலாம்மா பாட்டு, சரணத்துல மேல போற இடம். அப்ப டக்குனு ‘யஹ் க்யா ஹை? யஹ் கலம் ஹை’னு வருது.

செந்தில்: 🤣🤣🤣🤣

கார்த்தி: அம்மா???

பத்மா சித்தி: எனக்கு 14 வயசு. இந்தி பிராத்மிக் பரீட்சை. வேற கேசட் வீட்ல இல்ல

மணி மாமா: பாஸாவது பண்ணியா

பத்மா சித்தி: செகண்ட் கிளாஸ். அண்ணே, நீங்க என்னை ஒரு தடவையாவது பாடச் சொன்னீங்களா? காவல்தான் நான். அப்ப நானும் ஒரு தடவை மைக்ல பேசிப் பாத்தேன், போதுமா

மணி மாமா: 🙏

கவிதா: பி பக்கம்?

மணி மாமா: அது முழுசா இருக்கு. அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

பத்மா சித்தி: அப்புறம் என்ன. அங்க எல்லாரும் இருக்கும்போது அது வந்தா நல்லாருக்காது. இப்பவே சொல்லிடுங்க

மணி மாமா: தனியா போன் பண்ணு பத்மா

ராஜி: என்ன சித்தி? எனக்குத் தெரியணும்

பத்மா சித்தி: உங்கம்மாவுக்கு திருச்சி வானொலில மெல்லிசை ஆடிஷனுக்குக் கடிதாசி வந்துச்சு. பொண்ணு பாக்க வர்ற நேரம், ரேடியோவும் வேண்டாம் மேடையும் வேண்டாம்னு வீட்ல சொல்லிட்டாங்க. யாரு சொன்னாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் சமையல்கட்டு. அதனாலதான் மணி அண்ணன் ராத்திரி ஷிப்டு இருக்கற வாரம், மத்தவங்க வேலைக்குப் போயிருக்கற நேரம். நான் வாசல்ல. பி பக்கம் கடைசிப் பாட்டு பாதில இருக்கும்போது ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும், கேசட்லயே கேக்கும். அக்கா பாட்டை நிறுத்திட்டு, ‘சங்கு ஊதிருச்சு, அண்ணன் வந்துரும், நிறுத்து நிறுத்து’ன்னு சொல்லும். அத்தோட டக்குனு ஒரு சத்தம். முடிஞ்சுது.

(சிறிது நேரம் யாரும் எழுதவில்லை)

செந்தில்: அந்த இடத்துக்கு முன்னாடியே வெட்டி ஃபேட் அவுட் பண்ணிடறேன். யாருக்கும் தெரியாது

மணி மாமா: அதுதான் சரி. பாட்டு மட்டும் போதும்.

கவிதா: நானும் அதான் சொல்ல நினைச்சேன்

பெரிய மாமா: வெட்ட வேண்டாம்

பெரிய மாமா: சத்தமா வை. எனக்கு வலது காது கேக்காது. ஸ்பீக்கரை இடது பக்கம் வைக்கச் சொல்லு

பத்மா சித்தி: சரி பெரியண்ணே

பெரிய மாமா: தோடு என்ன ஆச்சு

மணி மாமா: முழுகிப் போச்சு அண்ணே

பெரிய மாமா: எத்தனை ரூபாய்க்கு

மணி மாமா: நேர்ல சொல்றேன்

ராஜி: 🙂

செந்தில்: சித்தப்பா பெல்ட் சைஸ். கடை ஞாயித்துக்கிழமை இருக்காது, இன்னிக்கே வாங்கணும்

வள்ளி அத்தை: கோடி வீட்டுல ஒரு பழைய டேப் ரிக்கார்டர் இருக்கு. கேட்டுப் பாக்கட்டுமா

மணி மாமா: அதுல போட்டா டேப்பை இழுத்து மென்னு துப்பிடும். அதுல போட விட மாட்டேன்.

பத்மா சித்தி: வடை 60ஆ 70ஆ. மாஸ்டர் போன்ல இருக்கார்

ராஜி: 60

கவிதா: 70

செந்தில்: பெல்ட்!!

கவிதா: அப்பா செட்டுக்குள்ள புல்லி சக்கரத்துல நூலை சுத்தி அளந்துக்கிட்டு இருக்கார். இதோட நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் வேற அளவு வருது