ஸ்பிரிட் பாலிஷில் என்னதான் கலக்கிறார்கள்? உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாட்டுங்கா மாமி:
மும்பை சோர் பஜாரில் வாங்கிய பழைய தேக்கு அலமாரிக்கு பாலிஷ் போட, ஜோகேஸ்வரியிலிருந்து ஒரு மிஸ்திரி வந்தார். கையில் கடை டப்பா எதுவும் இல்லை. ஒரு பொட்டலம் சப்டா, அதாவது அரக்குத் தகடு. அதைக் கரைக்க ஒரு பாட்டில் ஸ்பிரிட், அதாவது ஆல்கஹால். பஞ்சு, பழைய பனியன் துணி. அவ்வளவுதான். ஜார்க்கண்ட் பக்கம் பலாச மரத்திலும் குசும் மரத்திலும் ஒட்டி வாழும் பூச்சி சுரக்கிற பிசின்தான் இந்த அரக்கு. லிட்டர் ஸ்பிரிட்டுக்கு எவ்வளவு அரக்கு என்று கேட்டால் கையால் அள்ளிக் காட்டினார். சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன், 150 கிராமுக்குப் பக்கம். மத்தியப் பொதுப்பணித் துறை சொல்லும் கணக்கு 140. கை தராசுக்குச் சளைத்ததில்லை!

ராத்திரி ஸ்பிரிட்டில் ஊறிய அரக்கு காலையில் பால் விட்ட டீ மாதிரி கலங்கியிருந்தது. கலப்படமோ என்று கேட்டேன். சிரித்தார். அரக்கிலேயே கொஞ்சம் மெழுகு உண்டாம். அசைக்காமல் வைத்தால் அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை இறுத்துக்கொள்ளலாம். நிஜக் கலப்படம் பைன் பிசின். விலை குறைவு, பளபளப்பும் உடனே வரும், ஆனால் மே மாத வெயிலில் பிசுபிசுக்கும். மலிவுச் சரக்கில் ஒரு துண்டைத் தீக்குச்சியில் காட்டினார். கரும்புகையோடு, பெயிண்டை இளக்கும் தார்ப்பெண்டைன் வாசனை குப்பென்று வந்தது.

செம்பூர் கணேஷ்:
மாமி, ஜூலையில் மட்டும் போடச் சொல்லிவிடாதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேல்பரப்பு குளிரும். மழைக்கால ஈரம் அதில் படிந்து வெள்ளை பூத்துவிடும். எங்கள் டீப்பாய்க்கு அதுதான் நடந்தது. வெயில் வந்த பிறகு, ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் ஒற்றி எடுத்தார்கள், போய்விட்டது. சூடான காபி டபரா வைத்த வளையம் மட்டும் இன்னும் இருக்கிறது. அரக்குக்குச் சூடு ஆகாது.

தாராவி ஆசாரி மகன்:
எங்க அப்பா போட்டது எண்ணெய் வார்னிஷ். ஆளி விதை எண்ணெயும் குங்கிலியமும் காய்ச்சி, தார்ப்பெண்டைன் விட்டு இளக்குவார். அந்தக் காலத்துப் பக்குவத்தில் சீக்கிரம் காய மிருதார்சிங்கியும் சேரும். அது காரீயம் சேர்ந்தது, விஷம். தொட்டில், பலகை, குழந்தை பொம்மைக்கு வேண்டவே வேண்டாம். அதற்கெல்லாம் அரக்குதான் சரி, ஸ்பிரிட் முழுக்கப் போனதும் பயமில்லை. சில மாத்திரைகளுக்கு மேல்பூச்சே அதுதானே.

இன்னொன்று, ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீங்க. எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். எங்க பட்டறையில் தண்ணீர் வாளியில்தான் போடுவோம்.

மாமி, மிச்ச பாலிஷை வைத்திருக்கீங்களா? பாட்டிலில் கரைத்த தேதியை எழுதிடுங்க. நாள்பட்டால் அரக்கு ஸ்பிரிட்டோடு சேர்ந்து மாறிப்போய், பூசினால் காயவே காயாது. அடுத்த முறை எடுக்கும்போது கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, ராத்திரி கழித்து நகத்தால் அழுத்திப் பாருங்க. தடம் விழுந்தால் கொட்டிடுங்க.