ஒருத்தன் அமெரிக்காவில் 'செட்டில்', இன்னொருத்தன் சவுதிக்குப் 'பிழைக்க': ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுக்கலாமா?

ஜெராக்ஸ் கடைக்காரன், தாராவி:

வணக்கம். தாராவி தொண்ணூறடி ரோடு பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் ஃபாரம் நிரப்பும் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருடமாகிறது. ஊருக்கெல்லாம் பாஸ்போர்ட் ஃபாரம் நிரப்புகிறவன், சொந்த வீட்டுக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இங்கே வந்து நிற்கிறேன்.

என் அண்ணன் மகனும் அக்கா மகனும் ஒரே வயது, 27. ஒரே சால் குடியிருப்பில் ஓடி விளையாடியவர்கள். அண்ணன் மகன் இன்ஜினியரிங் முடித்து, அமெரிக்காவில் எம்.எஸ். படித்து, எச்-1பி வேலை விசா குலுக்கலில் பெயர் விழுந்து, இப்போது விசா ஸ்டாம்பிங்குக்கு வந்திருக்கிறான். அக்கா மகன் ஒன்பதாவதோடு நின்றவன். நவி மும்பை தலோஜாவில் ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் வேலை. சவுதிக்குப் பைப் வெல்டராகப் போகப் பார்க்கிறான்.

போன வாரம் சயானிலிருந்து மூன்று பேரும் ஒரே டாக்ஸியில் பி.கே.சி. (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) போனோம். அமெரிக்கக் கான்சுலேட்டும், நம் வெளியுறவுத் துறை ஆபீசுகள் இருக்கும் விதேஷ் பவனும் ஒரே ஜி பிளாக்கில்தானே இருக்கின்றன. ஒருத்தன் கான்சுலேட் வரிசையில் நின்றான். நானும் அக்கா மகனும் விதேஷ் பவனில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் ஆபீசுக்கு, அவனுடைய ஏஜென்ட் நிஜமானவர்தானா என்று விசாரிக்கப் போனோம். அங்கே அவனுடைய பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதில் இ.சி.ஆர். (எமிகிரேஷன் செக் ரெக்வயர்டு) என்று இருக்கிறது. அப்படி இருந்தால் சவுதி, கத்தார், குவைத், மலேசியா என்று 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசாங்க அனுமதி வேண்டும். அண்ணன் மகன் பாஸ்போர்ட்டில் அது இல்லை. தினமும் அந்த ஃபாரத்தை நிரப்புகிறவன் நான். அதில் கேட்பது பத்தாவது பாஸா என்றுதான். கைத்தொழில் என்ன தெரியும் என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது.

வீட்டில் ஆச்சி சொல்வதைக் கேளுங்கள்: "பெரியவன் மவன் அமெரிக்காவுல செட்டிலாயிட்டான். இவன் சவுதிக்குப் பொழைக்கப் போறான்." அண்ணன் மகனுக்குக் கல்விக் கடன் 38 லட்சம், செம்பூர் ஃபிளாட் அடமானத்தில் இருக்கிறது. அதை யாரும் கடன் என்று சொன்னதே இல்லை, படிப்புச் செலவாம். அக்கா மகனுக்கு ஏஜென்ட் கேட்பது 1,20,000 ரூபாய். அக்கா மூணு வட்டிக்கு வாங்கிக் கட்டப் பார்க்கிறாள். குடும்பமே பதறுகிறது, "கடன் வாங்கி அனுப்பணுமா?" என்று.

அந்தப் பணத்தை நானே கொடுத்துவிடலாம் என்று யோசிக்கிறேன். கொடுக்கலாமா? இந்த 'ஸ்கில்டு', 'அன்ஸ்கில்டு' என்பதை யார் எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

---

ஜுபைல் ரிட்டர்ன், சயான் கோலிவாடா:

தம்பி, நான் 19 வருடம் சவுதியில் இருந்தவன். பைப் ஃபிட்டர். பெரும்பாலும் ஜுபைல் பக்கம்தான்.

உன் அக்கா மகன் 6ஜி வெல்டிங் டெஸ்ட் அடிப்பானா? முதலில் அதைச் சொல். பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டிவிடுவார்கள். பைப் சுற்றாது, நீதான் அதைச் சுற்றி வரவேண்டும். மேலே, பக்கவாட்டில், கடைசியில் தலைக்கு மேல் நெருப்புப் பொறி கொட்டக் கொட்ட அடியில். ரூட், ஹாட் பாஸ், ஃபில்லிங், கேப்பிங் என்று ஒவ்வொரு அடுக்காக ஏற்ற வேண்டும். முடிந்ததும் எக்ஸ்ரே எடுப்பார்கள். ஃபிலிமில் தப்பான இடத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் போச்சு, வெட்டி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

எங்கள் கேம்பில் ராமநாதபுரம் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆனால் அவர் போட்ட ரூட்டை, அதாவது முதல் அடுக்கை, உள்ளே விரல் விட்டுத் தடவினால் வளையல் உள்பக்கம் மாதிரி வழுவழுவென்று இருக்கும். அங்கே வெல்டருக்குப் பெயர் கிடையாது, ஸ்டென்சில் நம்பர்தான். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட் டவுன் நேரத்தில் இன்ஜினியர்கள் அவருடைய நம்பரைச் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். அவர் பாஸ்போர்ட்டும் இ.சி.ஆர்.தான்.

சரி, பணக் கணக்குக்கு வருகிறேன். கேம்ப்பில் தங்க இடம், மெஸ்ஸில் சாப்பாடு. சோப்பு, போன் கார்டு என்று 200 ரியால் வைத்துக்கொண்டு மீதியை அப்படியே அனுப்பினேன். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம், ஊரில் ஒரு வீடு. எங்களை மாதிரி ஆட்கள் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது, அங்கே குடியுரிமையும் கிடைக்காது. என்றைக்கிருந்தாலும் திரும்பி வர வேண்டியவன், அதனால் காசெல்லாம் இங்கேதான் வந்து சேரும். இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 60 நாள் லீவு. கூட்டிப் பார், 19 வருடத்தில் என் மகளோடு இருந்தது ஒன்றரை வருடம்.

---

செம்பூர் அம்மா:

தம்பி, உங்கள் ஆச்சியிடம் 'செட்டில்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். என் மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள், ஒன்பது வருடமாகிறது. எச்-1பி மூன்று வருடம், நீட்டித்தால் இன்னும் மூன்று. அதற்கு மேல் இருக்க வேண்டுமென்றால் கம்பெனி கிரீன் கார்டுக்குப் போட்டிருக்க வேண்டும். வேலைவழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு வருடத்துக்கு 7 சதவீதம்தான் என்று வரம்பு. குட்டி நாட்டுக்கும் அதே 7, நமக்கும் அதே 7. நம் ஆட்கள் கூட்டத்துக்கு அந்த வரிசை எப்போது நகரும் சொல்லுங்கள்.

போன வருடம் அவளுடைய டீமில் பாதிப் பேரை வேலையை விட்டு எடுத்தார்கள். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு கம்பெனி பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். அந்த இரண்டு மாதம் நான் இங்கே தூங்கவில்லை. இவள் வேலை தப்பியது, ஆனாலும் தூங்கவில்லை.

பணமா? முதல் மூன்று வருடம் ஒழுங்காக அனுப்பினாள், கல்விக் கடன் அடைந்தது. அப்புறம் அங்கே வீட்டுக் கடன், குழந்தை, டே கேர். இப்போது நான்தான் பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஐ.டி. பிள்ளைகள் ஒன்றும் அனுப்புவதில்லை என்றும் எழுதிவிட முடியாது. என் கணவர் வங்கியில் இருந்தவர், ரிசர்வ் வங்கியின் சர்வேயை எடுத்துக் காட்டினார். 2023-24-ல் இந்தியாவுக்கு வெளியிலிருந்து வந்த பணத்தில் அமெரிக்காவின் பங்கு 27.7 சதவீதம், அமீரகத்தின் பங்கு 19.2. 2016-17-ல் அமீரகம்தான் முதலிடம். ஒரு ஆள் சம்பளத்தில் எவ்வளவு பங்கு அனுப்புகிறான் என்று பார்த்தால் வளைகுடாக்காரர் ஜெயிக்கலாம். மொத்தத் தொகை வேறு கதை.

---

மாஹிம்_மணி:

ரெண்டு பேரும் போகட்டும். ஆச்சியை யார் பார்த்துப்பாங்க?

---

ஜெராக்ஸ் கடைக்காரன், தாராவி:

நான்தான். வேறு யார்?

---

அந்தேரி பழைய ஆபீஸ் பையன்:

ஆட்களை வெளிநாடு அனுப்பும் லைசென்ஸ் ஆபீஸ் ஒன்றில் ஆறு வருடம் இருந்தேன். அண்ணே, பணத்தைக் கொடுக்காதீங்க. குறைந்தது இப்போதைக்கு.

சட்டப்படி ஏஜென்ட் வாங்கலாம் என்று இருக்கிற சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக 35,400. ரசீது கொடுக்க வேண்டும். உங்களிடம் கேட்பது 1,20,000. மீதி 84,600 எதற்கு என்று கேளுங்கள். "விசா காசு", "மேலே கொடுக்கணும்" என்பார்கள். பாதி நேரம் உங்களிடம் பேசுகிறவர் ஏஜென்ட்டே இல்லை, லைசென்ஸ் இல்லாத சப்-ஏஜென்ட். அரசாங்கத்தின் இ-மைகிரேட் தளத்தில் லைசென்ஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கா சொல்லித் தர வேண்டும்?

இங்கேதான் உங்கள் இரண்டு பையன்களுக்கும் நிஜமான வித்தியாசம். எச்-1பி மனுக் கட்டணத்தைக் கம்பெனிதான் கட்ட வேண்டும், ஆள் தலையில் போடக்கூடாது என்பது அங்கே விதி. 38 லட்சம் கல்விக் கடனில் வட்டிக்குப் பழைய வரி முறையில் வருமான வரிக் கழிவு உண்டு. மூணு வட்டிக்கு எந்தக் கழிவும் கிடையாது. 1,20,000-க்கு மாதம் 3,600 ரூபாய், வட்டி மட்டும். முதல் சம்பளம் கைக்கு வரும் முன்பே அந்தப் பையன் வட்டிக்கு வேலை பார்க்க ஆரம்பித்துவிடுவான். எங்கள் ஆபீசில் இருந்து போனவர்களில் மோசமான கம்பெனி என்று தெரிந்தும் திரும்பி வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர்கள் எல்லாருக்கும் ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"விசிட் விசாவில் துபாய் போய் இறங்கு, அங்கிருந்து மாற்றிக்கலாம்" என்று சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். அனுமதி வாங்கிப் போனால் கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்ஷூரன்ஸ் வரும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனமானாலோ 10 லட்சம். விசிட் விசாவில் போனவனுக்கு அதுவும் இல்லை, எங்கே இருக்கிறான் என்ற பதிவும் இல்லை.

இன்னொன்று. 17 நம்பர் ஃபாரம் போட்டு பத்தாவது பிரைவேட்டாக எழுதச் சொல்லுங்கள். பாஸானால் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். போய்விடும். ஆனால் ஒன்று, அதோடு அனுமதி, கட்டாய இன்ஷூரன்ஸ் எல்லாமும் போய்விடும். விவரமானவன், தானே பார்த்துக்கொள்வான் என்று அரசாங்கம் கையை எடுத்துக்கொள்ளும். நல்லதா கெட்டதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

---

ஜெராக்ஸ் கடைக்காரன், தாராவி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, "35,400-க்கு ரசீது கொடுங்க, பேங்க்ல போடறேன்" என்றேன். "மீட்டிங்கில் இருக்கேன்" என்றவர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. லைசென்ஸ் நம்பர் என்று அவர் கொடுத்ததைத் தளத்தில் போட்டால் வேறு ஊர், வேறு கம்பெனி வருகிறது. அக்கா அழுதாள், வேலை கைவிட்டுப் போச்சே என்று. அக்கா மகன்தான், "விடுங்க மாமா, கை இருக்குல்ல" என்றான்.

லைசென்ஸ் சரிபார்த்து வேறு ஆபீஸ் ஒன்றைப் பிடித்திருக்கிறோம். அடுத்த வியாழன் டிரேட் டெஸ்ட், 6ஜிதான். 35,400-ஐ நான் கொடுக்கிறேன், வட்டி இல்லாமல். 17 நம்பர் ஃபாரம் பற்றிச் சொன்னதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான், அது மெல்ல நடக்கும். அண்ணன் மகனுக்கு விசா கிடைத்துவிட்டது. ராத்திரி மொட்டைமாடியில் உட்கார்ந்து, வேலை போனால் 60 நாள் என்கிற கணக்கை இவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். இவன் கேட்டான், "அப்போ உனக்கும் எக்சிட்தானாடா?"

ஜுபைல் அண்ணே, கோலிவாடாவில் உங்களுக்குத் தெரிந்த ஒர்க் ஷாப் எதுவும் இருக்கிறதா? தலோஜா ஷெட்டில் பைப்பைச் சாய்த்துக் கட்டிப் பழக இடம் தரமாட்டேன் என்கிறார்கள். டெஸ்டுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கிடைத்தாலும் போதும். ஆர்கான் கேஸ் செலவு என்னுடையது. பைப் துண்டு அவனே கொண்டு வரணுமா, ஆறு இன்ச் போதுமா?