பழைய டெஸ்க்டாப்பையே ரவுட்டராக்கலாமா, தனி ரவுட்டர் வாங்கவா?

அச்சுக்கூடம்:
வணக்கம். சிவகாசியில் சின்ன டிடிபி ஆபீஸ் வைத்திருக்கிறேன். 14 கம்ப்யூட்டர். ஃபைபர் இணைப்பில் டவுன்லோடு 100 எம்பிபிஎஸ், அப்லோடு 30தான். காலண்டர் சீசனில் ஒரு ஃபைலே 500 எம்பி வரும். அதைப் பிளேட் போடுகிறவருக்கு அனுப்ப ரெண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரம் முழுக்க, பக்கத்து சீட்டில் வீடியோ காலில் புரூஃப் காட்டுகிற பெண்ணுக்குக் குரல் விட்டு விட்டுத்தான் கேட்கிறது. பிங் போட்டேன் (ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்பும் நேரம்): சும்மா இருக்கும்போது 9 மில்லிசெகண்ட், அப்லோடு ஓடும்போது 400க்கு மேல். ஓரமாக ஒரு ஐ5 டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது. அதை ரவுட்டராக்கினால் சரியாகுமா?

லேப்_அண்ணன்:
தம்பி, உங்களுக்கு வேகம் குறைவில்லை, வரிசைதான் பிரச்சினை. மோடத்துக்குள் அப்லோடு பாக்கெட்டுகள், அதாவது ஃபைலின் சின்னச் சின்னத் துண்டுகள், குவிந்து கிடக்கின்றன. வீடியோ காலின் சின்னப் பாக்கெட் அந்தக் குவியலுக்குப் பின்னால் நிற்கிறது. பஃபர்புளோட் என்பது இதுதான். எஸ்கியூஎம், அதாவது இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி, உள்ள எதைப் போட்டாலும் தீரும், அது கம்ப்யூட்டரா ரவுட்டரா என்பது அடுத்த கேள்வி.

நான் ஒரு கல்லூரி லேபில் ஆறு வருஷம் கம்ப்யூட்டரைத்தான் ரவுட்டராக ஓட்டினேன். வேலையில் குறையே சொல்ல முடியாது. தொல்லை எல்லாம் சுற்றியிருப்பவற்றில்தான். ஒரு நாள் காலை கரண்ட் போய் வந்தது, லேபில் நெட் இல்லை. நான் ஊரில் இல்லை. போனில் ஒருவரை மானிட்டர் மாட்டிப் பார்க்கச் சொன்னால், மதர்போர்டில் செட்டிங்கை நினைவில் வைக்கிற சீமாஸ் பேட்டரி தீர்ந்து, எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கிறது. 20 ரூபாய் பேட்டரிக்காக அரை நாள் போச்சு. அப்புறம் மின்சாரம். என் மெஷின் சும்மா இருந்தாலே 45 வாட் இழுக்கும். மாசம் 32 யூனிட், ரெண்டு மாச பில்லில் 65 யூனிட். சின்ன ரவுட்டர் 5 வாட்டில் முடித்துவிடும், அதே யூபிஎஸ்ஸில் பல மடங்கு நேரமும் நிற்கும்.

ஆபீஸில் நீங்கள் இல்லாத நேரத்தில், ஸ்விட்சை அணைத்துப் போட்டால் தானாக எழுந்து நிற்கிற பெட்டிதான் உங்களுக்கு வேண்டும். தனி ரவுட்டர் வாங்குங்கள்.

ஃபைபர்_ராத்திரி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. சின்ன ரவுட்டரும் உள்ளே கம்ப்யூட்டர்தான், பலவற்றில் ஓடுவது லினக்ஸே. ஆனால் அட்டையில் போட்டிருக்கும் வேகம், பாக்கெட்டைச் சிப்பே நேராகத் தள்ளிவிடும்போது கிடைப்பது. எஸ்கியூஎம் போட்டதும் ஒவ்வொரு பாக்கெட்டும் பிராசசர் வழியாகப் போகும், அங்கே வேகம் விழும். மைக்ரோடிக் கம்பெனி ரவுட்டரிலும், ஃபாஸ்ட்டிராக் என்ற குறுக்கு வழியில் போவது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிம்பிள் க்யூவைத் தொடாது. உங்கள் 100/30க்கு இது பயமில்லை. நாளைக்கு 1 ஜிபிபிஎஸ் எடுத்து, அதிலும் எஸ்கியூஎம் வேண்டுமென்றால் ஐ5தான் கை கொடுக்கும்.

பெரிய தனி ரவுட்டர் என்றாலே அசையாது என்று நினைக்கவும் வேண்டாம். 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக ரூட்டிங் டேபிள் (இன்டர்நெட்டில் எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) 5,12,000 வரியைத் தாண்டியபோது, அந்த அளவுக்கே மெமரி ஒதுக்கியிருந்த பழைய பெரிய ரவுட்டர்கள் பல இடங்களில் திணறின. கம்ப்யூட்டராக இருந்தால் ஒரு ராம் குச்சி சேர்த்திருக்கலாம்.

லேப்_அண்ணன்:
அதுவும் சரிதான். தம்பி, காசு போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்த ஐ5இல் இன்னொரு லேன் கார்டு செருகி, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டுங்கள். மோடம் ரவுட்டர் வேலை பார்க்காமல் தகவலை அப்படியே கடத்தும்படி பிரிட்ஜ் மோடில் வைத்துவிட்டு, இணைப்புக்காரர் தந்த பிபிபிஓஇ லாகினை இதில் கொடுங்கள். எஸ்கியூஎம்மில் கேக் என்ற வரிசை முறையைத் தேர்ந்தெடுத்து அப்லோடு 27 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். 30 என்று வைத்தால் வரிசை மறுபடி மோடத்துக்கே போய்விடும்.

அச்சுக்கூடம்:
ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தேன். 480 எம்பி காலண்டர் ஃபைல் போய்க்கொண்டிருக்கும்போதே பிங் 14, அதிகபட்சம் 22. ஃபைல் போக கூடுதலாக 15 செகண்ட்தான் ஆனது. ரொம்ப நன்றி அண்ணா. ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்கிற சின்ன ரவுட்டர் ஒன்று ஆர்டர் போட்டுவிட்டேன். அது வரும்வரை டெஸ்க்டாப் ஓடட்டும். சீமாஸ் பேட்டரியை இன்றே மாற்றிவிட்டேன்.