வயரில் வரும் நெட் ஏன் 94-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது?

போனில் 280, கம்ப்யூட்டரில் 94. மூன்று வாரமாகப் பார்த்துப் பார்த்து இந்த இரண்டு எண்ணும் மனப்பாடமே ஆகிவிட்டன. எங்கள் இணைப்பு 300 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 300 மெகாபிட். வைஃபையை விட வயர்தான் வேகம் என்று வீட்டில் எல்லோரிடமும் பெருமையடித்துவிட்டு, ரவுட்டரிலிருந்து அடுத்த அறைக்கு லேன் கேபிள் இழுத்தவன் நான். அதில் வந்தது வைஃபையில் மூன்றில் ஒரு பங்கு.

என்னென்ன செய்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ஆண்டிவைரஸைத் தூக்கினேன். கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். பிறகும் 94.

அது அசையாமல் நின்றதே பதில், எனக்குத்தான் உறைக்கவில்லை. லைனில் நெரிசல் என்றால் எண் ஏறி இறங்கும், நடுராத்திரியிலாவது கொஞ்சம் கூடும். எந்நேரமும் ஆணி அடித்த மாதிரி 94 என்றால், வழியில் எங்கோ இரண்டு போர்ட்டுகள் தங்களுக்குள் 100 என்று பேசி முடித்துவிட்டன. தரவு பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகும்; 100 எம்பிபிஎஸ்ஸில் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் முகவரி மாதிரி ஒட்டியிருக்கும் தலைப்புச் சுமையும் போக நம் கைக்கு வருவது 94, 95 வரைதான். ஜிகாபிட், அதாவது 1000 என்றால் அதே கணக்கு 940 சொச்சம்.

விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட்டைத் திறந்து கீழே தள்ளினால் லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கிறது. அதில் 100/100 என்று போட்டிருந்தது. மூன்று வார வேலைக்குப் பதிலாக மூன்று கிளிக்.

கேபிளுக்குள் எட்டு வயர், நான்கு ஜோடி. 100-க்கு இரண்டு ஜோடி போதும். 1, 2, 3, 6 ஆகிய பின்கள் மட்டும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பிரவுனிலோ ஒரு வயர் போனால் இணைப்பு பெரும்பாலும் அறுந்துபோகாது. ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். போன் டார்ச்சை அடித்து பிளக்கின் மூக்கைப் பார்த்தேன். கண்ணாடி பிளாஸ்டிக்குக்குள் வரிசையாகச் செம்புப் புள்ளிகள்: எண்ணினால் ஏழு. எட்டாவது இடம் இருட்டு. பிரவுன் வயர் பின்னைத் தொடாமல் கொஞ்சம் உள்ளேயே நின்றுவிட்டிருந்தது. பிளக்கை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்ததும் (வயர்களைப் புது பிளக்கில் வைத்து அழுத்திப் பொருத்துவது) 1000/1000. ஸ்பீட் டெஸ்டில் 291.

இந்த மாதிரி அலைந்தவர்கள் வேறு யாராவது உண்டா?

* * *

உண்டு, இங்கே ஒருத்தன். எனக்குக் கேபிள் புதுசு, ரவுட்டர் புதுசு, எல்லாம் ஜிகாபிட். நடுவில் டிவிக்குப் பின்னாடி தூசி படிந்து ஒரு குட்டி நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு லேன் கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கிடந்ததை மறந்தே போயிட்டேன். அடியில் 10/100 என்று எழுதியிருந்தது, அதாவது உச்சமே 100. சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி போதும்.

லேப்டாப்காரர்களுக்கு ஒண்ணு: யூஎஸ்பி லேன் அடாப்டர் ஜிகாபிட் என்று போட்டிருந்தாலும், அதை யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் அந்த போர்ட்டுக்கே உச்சம் 480. உண்மையில் கிடைப்பது அதையும் விடக் கம்மி.

* * *

முதல் நண்பருக்கு எட்டாவது வயர் தொடவில்லை. என் கதையில் எட்டும் தொட்டது. கேபிள் டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக, அழகாக எரிந்தன. வேகம் மட்டும் ஒரு நிமிடம் 60, அடுத்த நிமிடம் 4.

நானே கிரிம்ப் செய்த கேபிள்தான். வண்ணங்களை ஜோடி ஜோடியாக அடுக்கினேன்: ஆரஞ்சு இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு, பிரவுன் இரண்டு. இரு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதாதா, மின்சாரத்துக்கு நிறமா தெரியும் என்ற எண்ணம்.

நிறம் தெரியாதுதான். முறுக்கு தெரியும். ஒவ்வொரு ஜோடியும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போவதால்தான் வெளிக் குறுக்கீடு இரண்டிலும் சமமாக விழுந்து மறுமுனையில் கழிந்துபோகிறது. ஒரு சிக்னல் 3, 6 பின்களில் போகும். என் அடுக்கில் 3-இல் இருந்தது பச்சை ஜோடியின் ஒரு வயர், 6-இல் நீல ஜோடியின் ஒரு வயர். தம்பதிகளை மாற்றி உட்கார வைத்த கதை. ஒன்றின் சிக்னல் மற்றதில் ஒழுகி, பாக்கெட்டுகள் சிதைந்து திரும்பத் திரும்ப அனுப்பப்படுகின்றன. வயர் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மலிவு டெஸ்டருக்கு இதைக் கண்டுபிடிக்கவே வராது.

சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஏன் நீலத்தைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறது என்று பல வருடம் குழம்பியிருக்கிறேன். அந்த 3, 6 கணக்குதான் காரணம். பிளக்குக்குள் போகும்போது முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கவும் வேண்டாம்.

* * *

நீங்கல்லாம் 94-க்கு அழறீங்க. நான் 500 பிளான் போட்டு, டவுன்லோடில் 11 தான் வருது. 11.2-க்கு மேலே போனதே இல்லை. கம்பெனிக்கு நாலு புகார் கொடுத்தாச்சு.

* * *

அந்த 11-க்குப் பக்கத்தில் சின்ன பி-யா (பிட்) பெரிய பி-யா (பைட், அதாவது எட்டு பிட்), பாருங்கள். டவுன்லோட் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட 90. நீங்களும் எங்கள் 94 கட்சிதான்! புகாரை விட்டுவிட்டு லிங்க் ஸ்பீடைப் பாருங்கள்.

* * *

ஒரு எச்சரிக்கை. 100/100 என்று பார்த்ததும் அடாப்டர் பண்புகளில் போய் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸைக் கையால் மாற்றாதீர்கள். யாரோ சொன்னார்கள் என்று நான் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு முனையும் ஒரே நேரத்தில் பேசலாம்) வைத்தேன். எதிர்முனை ஆட்டோவில், அதாவது தானே பேசி முடிவு செய்யும் நிலையில் இருந்தது. பேச்சுவார்த்தை நடக்காதபோது அதற்கு வேகம் புரியும், டூப்ளெக்ஸ் புரியாது. ஹாஃப், அதாவது ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம் என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் பேசப் பேச மற்றவர் மோதல் என்று நிறுத்திவிடுகிறார். பிங் (சின்னப் பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) பார்த்தால் சுத்தமாக இருந்தது, சின்னப் பக்கங்கள் திறந்தன, பெரிய ஃபைல் மட்டும் ஊர்ந்தது. ஆட்டோவுக்கே திருப்பியதும் சரியானது.

* * *

லிங்க் 1000, ஸ்பீட் டெஸ்டும் பிரமாதம், ஆனால் ஒரு ஃபைலை இறக்கினால் 25 எம்பிபிஎஸ். இப்படி யாருக்காவது உண்டா? எனக்கு இருந்தது. கேபிள் மேல்தான் சந்தேகம். வீட்டிலேயே இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் வேகம் அளக்கும் ஐபெர்ஃப் என்ற புரோகிராமை ஓட்டினேன். 930-க்கு மேல் வந்தது. அப்போ வயர் நிரபராதி.

குற்றவாளி நானே. முன்னொரு காலத்தில் 'நெட் வேகத்தைக் கூட்டும் பத்து தந்திரங்கள்' ரகக் குறிப்பு ஒன்றைப் படித்து, விண்டோஸில் டிசிபி ஆட்டோ டியூனிங்கை (ஒரே மூச்சில் எவ்வளவு தரவு வரலாம் என்று தானே சரிசெய்துகொள்ளும் வசதி) அணைத்திருக்கிறேன். அணைத்தால் 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகை வராமல் வழியில் இருக்கக்கூடிய தரவு 64 கேபியோடு நின்றுவிடும். சர்வருக்குப் போய்வர 20 மில்லிசெகண்ட் என்றால், நொடிக்கு 50 முறை 64 கேபி: 26 எம்பிபிஎஸ். தூரம் கூடி 100 மில்லிசெகண்ட் ஆனால் 5 தான். லைன் எத்தனை பெரிதானாலும் இதே கதி. ஸ்பீட் டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறப்பதால் அங்கே தெரியவில்லை. பக்கத்திலேயே இருக்கும் கம்ப்யூட்டரோடு போய்வர நேரமே ஆகாததால் ஐபெர்ஃபிலும் தெரியவில்லை. ஆட்டோ டியூனிங்கை நார்மலுக்குத் திருப்பினேன், தீர்ந்தது.

* * *

11 எம்பி ஆள் மறுபடி வந்திருக்கேன். லிங்க் 100/100 தான். எங்க வீட்டிலேயும் டிவி பின்னாடி ஒரு ஸ்விட்ச்! அதைக் கழட்டி கேபிளை நேரா கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். இப்போ 58 மெகாபைட் காட்டுது. கொடுத்த புகாரையெல்லாம் வாபஸ் வாங்கணும். டிவிக்கு இப்போ நெட் இல்லை. வீட்டில் இன்னும் யாரும் கவனிக்கலை.