அம்பாசிடரில் தினமும் அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது: ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டுமா?

கேட்டவர் (காரைக்குடி)

அப்பா 1984-இல் வாங்கிய மார்க் 4 அம்பாசிடர் எங்களிடம் இன்னும் ஓடுகிறது. பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின்தான். இரண்டு மாதமாகக் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கழுத்துவரை நிரப்ப ஏறக்குறைய அரை லிட்டர் பிடிக்கிறது. எஞ்சின் கொதிக்கவில்லை. வண்டி நிற்கும் இடத்தில் சில நாள் ஈரம் தெரிகிறது, சில நாள் இல்லை. மெக்கானிக் வண்டியை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்கிவிடலாம்" என்கிறார். ஹெட் என்றால் எஞ்சினின் மேல்மூடி, கேஸ்கட் அதன் அடியில் கசியாமல் அடைக்கும் தகடு. பக்கத்து வீட்டு மாமாவோ ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

மதுரைப் பட்டறைக்காரர்

மஞ்சள்தூளைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. நடுவழியில் சிக்கினால் வீடு வந்துசேர உதவும். ஆனால் ஓட்டையை அடைக்கும் தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். இப்போது கசிகிற வண்டி அப்புறம் கொதிக்க ஆரம்பிக்கும்.

ஹெட் கேஸ்கட் போயிருக்கிறதா என்று தெரிய மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியிலும் ஆயில் அளவு பார்க்கும் கம்பியிலும் (டிப்ஸ்டிக்) பால் கலந்த காபி நிறத்தில் பிசுபிசுப்பு உண்டா? எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினால், தண்ணீரில் குமிழி விடாமல் வருகிறதா? நான்கு ஸ்பார்க் பிளக்குகளில் ஒன்று மட்டும் கழுவிவைத்தது போல் இருக்கிறதா? சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள்.

கேட்டவர்

ஆயில் சுத்தமாக இருக்கிறது. குமிழி இல்லை. நான்கு பிளக்கும் ஒரே பழுப்பு நிறம்.

கோவையிலிருந்து ஒருவர்

நானும் இதே வண்டி வைத்திருக்கிறேன். தினமும் கழுத்துவரை நிரப்புவதாகச் சொல்கிறீர்களே, பாதித் தண்ணீர் அதனாலேயே போகிறது என்று நினைக்கிறேன். இந்த வண்டியில் இன்றைய கார்களில் உள்ளது போல் தனி டப்பா கிடையாது. 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 90 டிகிரிக்குச் சூடானால் 100-க்கு 3 பங்கு பெருகும். எட்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் கால் லிட்டர். தளும்ப நிரப்பிய ரேடியேட்டரில் அதற்கு இடம் ஏது? மூடியின் ஓரத்திலுள்ள சிறு குழாய் வழியாக அது வெளியே கொட்டிவிடும். மறுநாள் நீங்கள் மறுபடியும் நிரப்புகிறீர்கள்.

அந்தக் குழாயின் நுனியில் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலைக் கட்டிவிட்டு, மூன்று நாள் நிரப்பாமல் ஓட்டிப் பாருங்கள். மட்டத்தைத் தினமும் பார்க்க வேண்டும். ரேடியேட்டரின் உள்குழாய்களின் மேல்நுனிக்குக் கீழே போனால் சோதனையை நிறுத்திவிடுங்கள். எஞ்சினுக்கு அடியில் காய்ந்த அட்டையும் விரித்துவையுங்கள்.

மதுரைப் பட்டறைக்காரர்

கோவை நண்பர் சொல்வது சரி. எனக்கே முதலில் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் தெரிகிற ஈரத்துக்கு அது மட்டும் காரணமாக இருக்காது. ஓட்டும்போது கொட்டுவது பெரும்பாலும் சாலையிலேயே போய்விடும். அட்டையில் சொட்டு விழுந்தால், விழுந்த இடத்திலிருந்து நேர் மேலே பாருங்கள். காற்று தண்ணீரைப் பின்னால் தள்ளிவிடும் என்பதால் ஓடி வந்த வண்டியை நம்பாதீர்கள், நின்ற வண்டியைப் பாருங்கள்.

கேட்டவர்

மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் பாட்டிலில் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தது. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மட்டம் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே நின்றுவிட்டது. மூன்றாம் நாள் மதுரை போய் வந்தேன். பாட்டில் காலி, ஆனால் மட்டம் மேலும் இறங்கியிருந்தது. அட்டையில் ஃபேனுக்கு நேர் கீழே ஏழெட்டுச் சொட்டு. ஹோஸ் கிளிப்புகள் எல்லாம் காய்ந்திருக்கின்றன.

மதுரைப் பட்டறைக்காரர்

அப்படியானால் கசிவது வாட்டர் பம்ப், அதாவது தண்ணீரை எஞ்சினுக்குள் சுற்றவிடும் பம்ப். அதன் கழுத்துக்கு அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்கை அரிக்காமல் வெளியே வர வேண்டும் என்றே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். அதை எம்-சீல் வைத்து அடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்! எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஃபேன் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இந்த எஞ்சினில் ஃபேன் பம்பின் தண்டிலேயே இருக்கிறது. ஆட்டம் இருந்தால் பேரிங்கும் போயிற்று.

சமீபத்தில் பெல்ட் மாற்றினீர்களா?

கேட்டவர்

இரண்டரை மாதத்துக்கு முன் மாற்றினேன். விண்ணென்று இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஃபேன் நன்றாகவே ஆடுகிறது. துளையைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது.

கோவையிலிருந்து ஒருவர்

காரணமும் கிடைத்துவிட்டது. பெல்ட் அவ்வளவு இறுக்கமாக இருந்தால் பழைய பேரிங் எப்படித் தாங்கும்? நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். பம்பை மாற்றும்போது கூலண்டும் (எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்) புதிதாக ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம். பழைய கூலண்டை வடித்தால் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். அது இனிக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும்.

கேட்டவர்

நேற்று மாற்றியாயிற்று. ஹெட்டை இறக்கச் சொன்னவரிடமே கொடுத்தேன். பழைய பம்பைக் கையில் வாங்கி, தண்டை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். ஹெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மதுரைப் பட்டறைக்காரர்

அந்தப் பழைய பம்பை இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள் தம்பி. உடலில் விரிசல் இல்லையென்றால் பேரிங்கும் சீலும் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.