வாடகை ஒழுங்கா குடுக்குறவர்கிட்ட இருந்து கடைய சொந்த உபயோகத்துக்கு திருப்பி வாங்க முடியுமா?

கேள்வி:
வணக்கம். அப்பா பேர்ல ஒரு கடை இருக்கு, 14 வருஷமா ஒருத்தருக்கே வாடகைக்கு விட்டிருக்கோம், வாடகைல ஒரு நாள் பாக்கி வச்சதில்ல. இப்ப தங்கச்சி பி.பார்ம் முடிச்சு பார்மசி கவுன்சில்ல பதிவும் பண்ணிட்டா, அந்த இடத்துல மெடிக்கல் ஷாப் வைக்கணும்னு இருக்கா. அவர்கிட்ட சொன்னா "என் பொழப்பே இந்த கடைதான், கோர்ட்டுக்கு போய்க்கோங்க"ங்குறாரு. கடைசி அக்ரிமெண்ட் 2016ல போட்ட 11 மாச அக்ரிமெண்ட், அப்புறம் புதுப்பிக்கல. மாமா பூட்ட போடு தானா வழிக்கு வருவாருங்குறாரு, அப்பாவுக்கு அதுல மனசே இல்ல. என்ன பண்ணலாம்?

பதில் 1:
முதல்ல பூட்டு போடுற பேச்ச விடுங்க சார். பூட்டுறது, கரண்ட் புடுங்குறது, தண்ணிய நிறுத்துறது எல்லாம் உங்க கேஸத்தான் கெடுக்கும், சட்டமும் அதுக்கு இடம் குடுக்கல. தமிழ்நாட்டுல 1960 வாடகை கட்டுப்பாட்டு சட்டம் போயி 2017 சட்டம் 2019 பிப்ரவரி 22ல இருந்து அமல்ல இருக்கு, அதுல 21வது பிரிவுதான் காலி பண்ண வைக்கிறதுக்கான காரணங்கள சொல்லுது. வாடகை பாக்கி இல்லாட்டியும் உங்களுக்கோ குடும்பத்துல ஒருத்தருக்கோ இடம் தேவைன்னா வாடகை நீதிமன்றத்துல மனு போடலாம். எழுத்துல நடப்பு அக்ரிமெண்ட் இல்லாததும் தனியா ஒரு காரணம், ரெண்டையும் சேர்த்து போடலாமான்னு வக்கீல்கிட்ட கேளுங்க.

பதில் 2:
நான் பட்ட அனுபவத்துல சொல்றேன், கோர்ட்டு பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், தேவை உண்மையா இல்ல சாக்கானு. காலி பண்ண சொல்றதுக்கு மூணு மாசம் முன்னாடி நான் வாடகைய ஏத்தி குடுங்கன்னு வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தேன், எதிர் வக்கீல் அதத்தான் எடுத்து காமிச்சாரு, இவருக்கு கடை வேணாம் கூட வாடகைதான் வேணும்னு. அந்த ஒரு மெசேஜ சமாளிக்கவே எனக்கு உயிர் போச்சு. அதனால இனிமே வாடகைய பத்தி வாயே திறக்காதீங்க. வேற கடை காலியா கிடந்தா மறைக்காம மனுவுலயே சொல்லி அது ஏன் மெடிக்கலுக்கு ஒத்து வராதுன்னு எழுதுங்க. எந்த இடம் வசதின்னு வாடகைக்காரர் ஓனருக்கு சொல்லித்தர முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் பல தடவ சொல்லியிருக்கு, ஆனா மறைச்சது தெரிஞ்சா அந்த நம்பிக்கையே போயிடும்.

பதில் 3:
மருந்து விக்கிறதுக்கான டிரக் லைசென்ஸ் ஏன் வாங்கலன்னு கேப்பாங்க, பயப்படாதீங்க. இடம் கைல இல்லாம லைசென்ஸுக்கு போட முடியாது, அத அப்படியே சொல்லலாம். தங்கச்சியோட பட்டம், கவுன்சில் பதிவு, பணத்துக்கு என்ன ஏற்பாடுன்னு காட்டுற பேப்பர் இருந்தா போதும். கடைய ஒருவாட்டி அளந்துக்கோங்க, சில்லறை மெடிக்கலுக்கு குறைஞ்சது 10 சதுர மீட்டர் வேணும். நோட்டீஸ் விட்ட பிறகு வர்ற வாடகைய எப்படி வாங்குறதுன்னும் வக்கீல்ட்ட கேட்டுக்கோங்க, ரசீதுல "உரிமைக்கு பாதகம் இல்லாமல்"னு ஒரு வரி இல்லன்னா நோட்டீஸையே கைவிட்டுட்டீங்கன்னு வாதம் வைப்பாங்க.

பதில் 4:
நான் வாடகைக்கு கடை நடத்துறவன், அந்த பக்கத்துல இருந்தும் யோசிங்க தம்பி. 14 வருஷத்துல அவர் சேத்து வச்சது வாடிக்கையாளர், அத அட்வான்ஸ் மாதிரி திருப்பி வாங்கிட்டு போக முடியாது. பழைய சட்டத்துல ஒரு நல்ல விஷயம் இருந்துச்சு, ஓனர் கடைய வாங்கி ஒரு மாசத்துக்குள்ள தான் வந்து உக்காரலன்னா காலி பண்ணவர் திரும்ப கேக்கலாம். பொய் சொல்லி காலி பண்ண வைக்கிற ஓனருங்கள பாத்து பாத்துதான் நாங்க யாரையும் நம்புறதில்ல. தங்கச்சியையே கூட்டிட்டு போய் பேசுங்க, ஆறு மாசம் டைம் குடுங்க, அட்வான்ஸ் முழுசா என்னைக்கு கைக்கு வரும்னு எழுதி குடுங்க. கேஸ் போட்டா அதவிட ரொம்ப அதிகமாத்தான் ஆகும்.

கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாடகை ஏத்த சொல்லி நாங்க ஒண்ணும் அனுப்பல, இப்பதான் எல்லா மெசேஜும் பாத்தேன். ஞாயித்துக்கிழமை அப்பாவும் தங்கச்சியும் நேர்ல போறாங்க, ஆறு மாசத்துக்கு ஒத்துக்கிட்டா எழுதி கையெழுத்து வாங்கிக்கிறோம், இல்லன்னா திங்கக்கிழமை வக்கீல் நோட்டீஸ்.