க்ரோ டென்ட்: கடையில் வாங்குவதா, வீட்டில் கட்டுவதா?

லாஸ்பேட்டைக்காரி
புதுச்சேரியில் வாடகை வீடு, இரண்டாவது மாடி. மொட்டை மாடியை வீட்டுக்காரர் பூட்டியே வைத்திருக்கிறார். அதனால் கூடத்தின் மூலையில் லெட்யூஸும் பேசிலும் வளர்க்கலாம் என்று இருக்கிறேன். 60×60×140 செ.மீ. க்ரோ டென்ட் (விளக்கு வைத்து வீட்டுக்குள் செடி வளர்க்கும் மூடிய கூடாரம்), 100 வாட் எல்.இ.டி. விளக்கு போதும் என்று நினைக்கிறேன். கூடாரத்தை வாங்குவதா, பி.வி.சி. குழாயில் கட்டுவதா? கட்டித் தருகிறேன் என்கிறார் கணவர். அவர் செய்த செருப்பு அலமாரி இன்னும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது.

மஞ்சக்குப்பத்தான்
கட்டுங்கள் சகோதரி. நாலு குழாய், ஒரு துணி, உள்ளே பளபளக்கும் தாள். கடைக்காரர் விற்பதும் இதைத்தான். முக்கால் அங்குலக் குழாயும் எட்டு மூலை இணைப்பும் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். மைலார் தாளைத் தேடி அலைய வேண்டாம். பளபளப்பில்லாத வெள்ளைப் பரப்பே ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும்.

முத்தியால்பேட்டை மாடி
மஞ்சக்குப்பத்தான் அண்ணன் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. விளக்கையும் மின்விசிறியையும் தொங்கவிட்டால் முக்கால் அங்குலக் குழாய் நடுவில் தொய்ந்துவிடும். இன்னொன்று, வாடகை வீடு என்கிறார். கடைக் கூடாரத்தில் தண்ணீர் தேங்க அடியில் ஒரு தட்டு வருகிறது. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கண்டால் முன்பணத்தில்தான் பிடிப்பார்கள். தார்ப்பாய்க்குள் அந்தத் தட்டுக்கு எங்கே போவார்?

மஞ்சக்குப்பத்தான்
மீன் கழுவும் பிளாஸ்டிக் தட்டு போதும் தம்பி! கடைக் கூடாரத்தின் கம்பி இரும்பு. மூலையில் செருகிக் கழற்றும்போது பூச்சு உரியும், நம் கடற்காற்று அங்கேதான் துருவை ஏற்றும். தேவனாம்பட்டினத்தில் ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பாருங்கள், கையெல்லாம் செம்மண் நிறம். ஜிப்பின் நகரும் பல்லும் அப்படித்தான் இறுகிக்கொள்கிறது. பி.வி.சி.க்குத் துரு ஏது?

முத்தியால்பேட்டை மாடி
லாஸ்பேட்டை கடலோரத்திலா இருக்கிறது? மேலும் அது கூடத்துக்குள் நிற்கப்போகிற பொருள்.

கெடிலக்கரை
இருவரும் துணியைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். சூட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கூடாரம் குளிரூட்டாது; வாங்கினாலும் கட்டினாலும் உள்ளே அறையைவிடச் சூடாகத்தான் இருக்கும். 100 வாட் விளக்கு இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகவே மாறும்.

கணக்குப் போடுங்கள். கூடாரத்தின் கொள்ளளவு அரை கன மீட்டர். நிமிடத்துக்கு ஒருமுறை காற்றை மாற்றினால் போதும் என்பது வழக்கமான விற்பனைப் பேச்சு. அது மணிக்கு 30 கன மீட்டர். அந்த அளவில் உள்ளே அறையைவிட 10 டிகிரி வரை ஏறும். 2 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால் மணிக்கு 150 கன மீட்டராவது வெளியேற வேண்டும். கத்திரி வெயிலில் அறையே 33 டிகிரி. லெட்யூஸ் தண்டு நீட்டிப் பூவுக்குப் போய்விடும், இலை கசக்கும். பேசில் தாக்குப்பிடிக்கும். ஆக, பணத்தை மின்விசிறியில் போடுங்கள் அம்மா. மிச்சமெல்லாம் வெறும் திரை.

மஞ்சக்குப்பத்தான்
அதைத்தான் நானும் சொல்கிறேன் ஐயா! திரைக்கு எதற்குக் காசு? கூரையில் ஊஞ்சல் கொக்கி இருந்தால் விளக்கு, விசிறி எல்லாம் அதில் தொங்கட்டும். சட்டம் துணியை மட்டும் தாங்கினால் குழாய் ஏன் தொய்கிறது?

முத்தியால்பேட்டை மாடி
நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் விசிறி காற்றை வெளியே இழுக்கும்போது தளர்ந்த தார்ப்பாய் உள்ளே உப்பும். போய் இலையின் மேல் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இலையும் துணியும் ஒட்டிக்கிடந்தால் அழுகல்தான். கடைக் கூடாரமும் உள்ளே இழுபடும், ஆனால் விறைப்பாகத் தைத்திருப்பதால் அவ்வளவு இல்லை.

மஞ்சக்குப்பத்தான்
துணியின் அடி ஓரத்தை மடித்துத் தைத்து ஒரு சவுக்குக் குச்சியைச் செருகுங்கள், இழுபடாது. மின்சாரம் போனால் அப்படியே சுருட்டி மேலே கட்டிவிடலாம். தானே புயல் அடித்த 2011இல் கடலூரில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்! மூடிய பெட்டிக்குள் அன்று செடி இருந்திருந்தால்?

முத்தியால்பேட்டை மாடி
ஜிப்பைத் திறந்து வைத்தால் ஆயிற்று. இதற்குத் தானே புயலை எல்லாம் அழைக்க வேண்டுமா?

லாஸ்பேட்டைக்காரி
மின் கட்டணம் எவ்வளவு வரும் என்று யாரும் சொல்லவில்லையே?

கெடிலக்கரை
விளக்கு நாளுக்கு 12 மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். மாதம் 36. விசிறி தனி, அதை நாள் முழுவதும் ஓடவிடுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்
எங்கள் பக்கம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். விளக்கின் 72 அதற்குள் அடங்கிவிடும்.

முத்தியால்பேட்டை மாடி
வீட்டில் வேறெதுவுமே ஓடாதா அண்ணா? இவர் இருப்பதோ புதுச்சேரி. இங்கே மின்துறையும் வேறு, கட்டணமும் வேறு.

லாஸ்பேட்டைக்காரி
கூடத்தில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறது. விளக்கையும் நான்கு அங்குல விசிறியையும் நல்லதாக வாங்கிவிடுகிறேன். சட்டமும் திரையும் கணவர் பொறுப்பு. எடை தாங்க வேண்டியதில்லை என்பதால் சம்மதித்தேன். தட்டு மட்டும் கடையில் எடுப்பேன். இப்போதைக்குப் பேசில், மார்கழி பிறந்ததும் லெட்யூஸ். காற்று நுழையும் துளையை எங்கே வைப்பது?

முத்தியால்பேட்டை மாடி
விசிறி மேலே ஒரு மூலையில் என்றால், துளை கீழே எதிர் மூலையில். விசிறியின் வாயைவிட இரண்டு பங்கு பெரிதாக வெட்டச் சொல்லுங்கள் அக்கா, கொசுவலையும் கட்டச் சொல்லுங்கள். துளை சிறுத்தால் சவுக்குக் குச்சி போட்டாலும் துணி உள்ளே போகும்.